கூட்டணிப் பெயருக்கு யார் பொறுப்பு?

காவிரிக் கடைமடையிலுள்ள கீழ்வேளூர் தனித்தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி 2011இல் அதிமுக அணியில் நின்று வென்றது. 2016இல் மக்கள் நலக் கூட்டணியில் நின்று திமுகவிடம் தோற்றது. 2021இல் அதே திமுக தலைமையிலான மதச்சார்பற்ற முற்போக்குக் கூட்டணியில் நின்று மறுபடி வென்றது. பத்தாண்டில் மூன்று அணிகள். அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் மட்டும் மாறவில்லை.

இதை வைத்து ஒரு கட்சியைப் பழிப்பது நியாயமாகாது. தமிழகத்தில் அணி மாறாத கட்சியைக் காண்பது அரிது. தனித்து வெல்லப் பலமில்லாதவர்கள், தங்கள் மக்களின் குரல் சட்டமன்றத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் கூட்டாளி தேடித்தான் ஆக வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வெண்மணி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. விவசாயக் கூலிகளுக்காகப் பேச அவையில் ஓர் ஆள் இருப்பது இங்கே சிறிய விஷயமல்ல. ஆனால், சேருகிறவர்கள் தங்கள் கூட்டுக்கு ஒரு பெரிய பெயரைச் சூட்டுகிறார்களே, அந்தப் பெயருக்கு யார் பொறுப்பு?

சட்டம் பொறுப்பேற்பதில்லை. வாக்கு இயந்திரத்தில் வேட்பாளரின் பெயரும் படமும் சின்னமும்தான் உண்டு, கூட்டணிக்கு இடமில்லை. கூட்டணிகளை ஒழுங்குபடுத்தத் தனக்கு அதிகாரமில்லை என்று தேர்தல் ஆணையமே 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. கட்சி தாவும் உறுப்பினர் பதவி இழப்பார். அணி தாவும் கட்சி எதையும் இழப்பதில்லை. சுவரெல்லாம் எழுதி, மேடைதோறும் முழங்கி வாக்குக் கேட்ட பெயரைக் காற்றில் விட்டால் கேட்பதற்கு நாதியில்லை. அதனாலேயே, பெயர் சூட்டியவர்களின் மனசாட்சிமேல் அந்தப் பாரம் முழுவதும் விழுகிறது.

2023 ஜூலை 18 அன்று பெங்களூருவில் 26 கட்சிகள் கூடித் தங்கள் அணிக்கு ‘இந்தியா’ என்று பெயரிட்டன. அதே நாளில் டெல்லியில் பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி கூடியது. தேசமும் ஜனநாயகமும் இந்தியாவும் எல்லோருக்கும் பொது. அவற்றை ஓர் அணி தன் பெயராக்கிக்கொண்டால், அதற்கு எதிராக வாக்களிப்பவர் நாட்டுக்கே எதிரானவர் என்ற நிழல் விழுகிறது. இரு அணிகளும் செய்தது தவறுதான். அவசரநிலையையும் மதக் கலவரங்களையும் கண்ட நாட்டில், எதைக் காக்கச் சேர்ந்தோம் என்று பெயரிலேயே சொல்வதில் என்ன தவறு என்று கேட்பார்கள். சொல்லலாம். சொன்னால் அதன்படி நடக்கவும் வேண்டும்.

நடந்தார்களா? பெங்களூரு கூட்டத்தில் தமிழக, கர்நாடக முதல்வர்கள் இருவரும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 12 அன்று காவிரிப் பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறந்தார்கள். பருவமழை பொய்த்தது, கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீரும் வரவில்லை. கடைமடையில் குறுவை கருகியது. அக்டோபர் 10 அன்று அணையை மூடினார்கள். ஒரே பெயருக்குள் இருந்த இரு அரசுகள் காவிரி மேலாண்மை ஆணையத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் எதிரெதிரே நின்றன. மறு அணியும் மேலானதல்ல. அதிமுக தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இருந்தபோதே கர்நாடக பாஜக அரசு காவிரியின் குறுக்கே மேகதாது அணைக்கு மும்முரம் காட்டியது.

பெயருக்கு விலை கொடுத்தவர்களும் இல்லாமலில்லை. 2020 செப்டம்பரில் மத்திய அரசின் வேளாண் சட்டங்களை எதிர்த்து, பஞ்சாபின் அகாலி தளத்தைச் சேர்ந்த மத்திய அமைச்சர் பதவி விலகினார். அந்த மாதமே, 1998இல் தொடங்கிய தேசிய ஜனநாயகக் கூட்டணியை விட்டுக் கட்சியும் வெளியேறியது. பஞ்சாப் விவசாயிகளின் போராட்டம் நெருக்கியதால்தான் வெளியேறினார்கள் என்பது உண்மை. அதனால் அது குறைந்துவிடவில்லை, வாக்காளர் நெருக்கினால் பெயருக்குப் பொருள் வரும் என்பதற்கு அதுவே சான்று. டெல்டாவில் வாக்குக் கேட்ட அதிமுக அதே சட்டங்களை ஆதரித்தது.

கூட்டணி வைப்பவர்கள் பெயரோடு சேர்த்து, எந்தெந்தக் காரியத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள், எது நடந்தால் விலகுவார்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கீழ்வேளூர்க்காரர்கள் அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், மேகதாது பற்றித் தங்கள் கர்நாடகக் கூட்டாளி கையெழுத்திட்ட தாளைக் காட்டச் சொல்ல வேண்டும்.