விலையில்லாததும் கட்டில்லாததும்

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது 'இலவச' என்கிற சொல்லை எடுத்துவிட்டு 'விலையில்லா' என்று போட்டது. இலவசம் என்றால் வாங்குகிறவனுக்கு இழுக்கு, விலையில்லா என்றால் இழுக்கு இல்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். திருவொற்றியூர்ப் பக்கத்தில் அதற்கு வைத்த பெயர் 'கவர்மெண்ட் லேப்டாப்பு'. முதலில் கொடுத்த அந்தப் பெட்டிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ். இன்னொன்று, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலேயே உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். பெட்டியைப் போட்டதும் எதில் போகிறாய் என்று கேட்கும். நான் பார்த்த பிள்ளைகள் விண்டோஸைத்தான் தொட்டார்கள். மற்றது எதற்கு இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. இடத்தை அடைக்கிறது என்று அதை அழித்தவர்களும் உண்டு.

"இன்னாண்ணா பெரிய வித்தியாசம், ரெண்டும் துட்டு இல்லாமதான வந்துச்சு?" என்று ஒரு பையன் கேட்டான். சரியான கேள்வி. ஒன்று விலையில்லாமல் வந்தது, மற்றது கட்டில்லாமல் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத் தொழில்நுட்பக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அது நம்முடைய கேள்வி, அறம் சார்ந்த கேள்வி.

கம்ப்யூட்டருக்குள் ஓடுவது எழுத்துதான். மனுசங்க உட்கார்ந்து எழுதியது. மனிதர்கள் படிக்கக்கூடிய வடிவத்தில் இருக்கும்போது அதை மூலநிரல் என்கிறோம். எந்திரத்துக்கு மட்டுமே புரிகிற வடிவத்துக்கு மாற்றி விற்கும்போது மூலத்தைக் கம்பெனி தன்னிடம் பூட்டி வைத்துக்கொள்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது ஓட்டிக்கொள்ளும் அனுமதியை மட்டும்.

திருவொற்றியூரில் 1950-களில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. அங்கே செய்த புல்லட்டைப் பழுதுபார்த்த ரோட்டோர மெக்கானிக்குகளில் எத்தனை பேர் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவர்கள்? எஞ்சினை அவிழ்த்து, சாக்கு மேல் பரப்பி, துடைத்துத் திரும்ப மாட்டித்தான் தொழில் கற்றார்கள். அவிழ்த்தால் ஜெயில் என்று சட்டம் இருந்திருந்தால் அந்தக் கைகள் உருவாகியே இருக்காது. இப்போது அதே சாலையில் ராத்திரி பகலாக கண்டெய்னர் லாரிகள் போகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பெட்டி நம்பரும் சீலும்தான் தெரியும். மூடிய மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் நிலைமையும் இதுதான். சுமக்கலாம், திறக்கக் கூடாது. இந்த வாக்கியம் நமக்குப் புதியதா, தோழர்களே?

சாதியும் மென்பொருள் உரிமமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. மூலநிரலைப் பூட்டியதால் யாரும் மலக்குழியில் இறங்கிச் சாகவில்லை. ஆனால் அறிவை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று வரையறுப்பதுதான் அதிகாரத்தின் அடிவேர் என்பதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் கிடையாது. அதனால்தான் இந்தப் பேச்சில் நமக்கு இடம் உண்டு என்கிறேன்.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற அமெரிக்க நிரலாளர் இந்தப் பூட்டுக்கு எதிராக 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். எந்த வேலைக்கும் ஓட்டலாம், திறந்து படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்கிற நான்கு உரிமைகள் அந்த இயக்கத்தின் அடிப்படை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதிய லினக்ஸ் என்கிற கரு அதோடு சேர்ந்தது. 1998-இல் சிலர் 'உரிமை' என்ற பேச்சு வியாபாரிகளின் காதுக்குக் கசக்கும் என்று 'திறந்த மூலம்' என்று பெயர் மாற்றினார்கள். நமக்கு அந்தக் கசப்புதான் வேண்டும். வேகமாக ஓடும், வைரஸ் குறைவு என்பதெல்லாம் சரக்கு விற்கிற பேச்சு.

இங்கே விண்டோஸ் எப்படிப் பரவியது? ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிடைத்த நகல் சிடியில்தான் வந்தது. டிடிபி சென்டர், பிரவுசிங் சென்டர் எல்லாம் அதில்தான் ஓடின. 1994-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, நகல் என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. 2004-இல் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். குண்டர் சட்டம் என்றால் வடசென்னையில் யாருக்கும் விளக்கவுரை வேண்டாம். பெரிய கம்பெனி உரிமத்தை மீறினால் வக்கீல் நோட்டீஸ் போகும், பேரம் நடக்கும். பிளாட்பாரத்தில் சிடி விற்ற பையனுக்குக் கழுத்தில் பட்டம். திருடன் என்ற பட்டம் எந்த உடம்பில் சுலபமாக ஒட்டும் என்பது இந்த ஊரில் முன்பே தீர்மானமான விசயம்.

நகல் எடுத்தவனைத் திருடன் என்று நான் சொல்ல மாட்டேன். இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பது பாவம் என்று நம் வீடுகளில் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் நகல் சிடி நம்மை விடுவிக்கவும் இல்லை. பூட்டு அப்படியே இருந்தது, சாவி கம்பெனியிடமே இருந்தது, நாம் திருட்டுத்தனமாகத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டோம். அதே பொருளில் பழகிய கை நாளைக்கு ஆபீசிலும் அதையே கேட்கும் என்பதால் கம்பெனிக்கும் இது லாபம்தான். பகிர்ந்தால் குற்றம் என்கிற இடத்தில் தலைகுனிந்து நிற்பதைவிட, பகிர்வதே விதி என்கிற இடத்தில் தலைநிமிர்ந்து நிற்கலாம். லினக்சுக்கு ஆதரவாக நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் இது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, எல்லாருக்கும் பொது என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஊர்ப் பொதுக்கிணறு என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. பொதுநீர்நிலைகளில் தீண்டப்படாதவர்களுக்கும் உரிமை உண்டு என்று பம்பாய் சட்டசபை 1923-இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924-இல் சவுதார் குளத்தை நமக்குத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஒருவரும் தண்ணீர் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20-இல் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய்க் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு அர்த்தம் வந்தது. அதற்கும் அடி விழுந்தது, குளத்தைத் 'தீட்டுக் கழித்தார்கள்'.

மென்பொருளிலும் தீர்மானம் வேறு, தண்ணீர் வேறு. எல்லாரும் திறக்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கிறது. திறப்பதற்குப் பெட்டி வேண்டும், கரண்ட் வேண்டும், இங்கிலீஷ் வேண்டும், வேலை முடிந்து ரெண்டு மணி நேரம் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். இந்த நகரத்தைப் பாருங்கள். 2000-இல் டைடல் பூங்காவைத் தரமணியில் திறந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகத் தெற்கே வளர்ந்தன. வடக்கே எண்ணூருக்கு வந்தது அனல்மின் நிலையமும் ஆற்றுக் கழிமுகத்தை நிரப்பிய சாம்பலும். காசிமேட்டில் மீன் விற்கிற அக்காவின் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். அதனால் அவருக்கு எந்த உரிமை வந்தது? மேலே கம்பெனி வேறு பூட்டுகளைப் போட்டுத்தான் கையில் கொடுத்திருக்கிறது. ஆக, லினக்ஸ் வந்தால் விடுதலை வந்துவிடும் என்கிற பேச்சு நமக்கு ஆகாது.

இருந்தாலும் இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு நிபந்தனை இருக்கிறது. லினக்ஸ் கருவுக்கு உள்ள ஜிபிஎல் என்கிற உரிமம் 1989-இல் எழுதப்பட்டது. எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய், ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் மூலத்தோடு, இதே உரிமைகளோடு கொடு என்கிறது அது. பொதுவில் இருந்து எடுத்ததைத் தனிச்சொத்தாக வளைக்கக் கூடாது. நமக்கு இது தெரிந்த கதை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. நிபந்தனை காகிதத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நிலம் யார் கையில் இருக்கிறது? காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். நிபந்தனை தானாக வேலி ஆகாது. அதைத் தெரிந்து, கேட்டு, காவல் நிற்கிற மக்கள் இருந்தால்தான் வேலி.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். மாலைப் பள்ளி நடத்துகிற தோழர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. "இன்டர்வியூல எக்ஸெல் தெரியுமா, டேலி தெரியுமான்னுதான் கேக்கறான். லினக்ஸ் தெரியுமான்னு எவன் கேக்கறான்?" துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஷிப்பிங் ஆபீஸ்களிலும் கிடங்குகளிலும் கணக்கு எழுதப் போகிற பிள்ளைக்கு இது சோற்றுப் பிரச்சினை. நம்முடைய கொள்கைக்கு அந்தப் பிள்ளை வாடகை கட்ட வேண்டுமா? கட்டக் கூடாது. எக்ஸெல் கேட்கிற இடத்துக்கு எக்ஸெல் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். லிப்ரே ஆபீசில் கணக்குப் போடக் கற்றவருக்கு எக்ஸெல் ரொம்ப தூரம் இல்லை, டேலியைத் தனியாகத்தான் கற்க வேண்டும். இதை மறைத்துப் பிரச்சாரம் செய்வது ஏமாற்று.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கு விண்டோஸ், குப்பத்துப் பிள்ளைக்குக் காசில்லாத லினக்ஸ் என்று ஆகிவிட்டால் அது டீக்கடையில் நமக்கென்று வைத்த தனி கிளாஸ் மாதிரிதான். கிளாஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது தனி கிளாஸ். அதனால் லினக்சை ஏழைகளுக்கான மலிவுச் சரக்காகப் பரப்புவதை நாம் எதிர்க்க வேண்டும். கேரளத்தில் 2000-களின் நடுவிலிருந்து அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வியையே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள், மலையாளத்தில் பாடம் எழுதினார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கிளாஸ். தமிழ்நாட்டில் சி. உமாசங்கர் எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கு மாற்றினார். ஒரு தலித் அதிகாரி செய்த வேலை என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அதிகாரியின் முனைப்பு அவர் நாற்காலியில் இருக்கிற வரைக்கும்தான். பாடத்திட்டத்தில் ஏறியதுதான் நிற்கும். கோரிக்கையை அங்கே வைக்க வேண்டும்.

பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் என்கிற குடிசைப் பகுதியில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் பழைய கம்ப்யூட்டர்களை வைத்து அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்று ஒன்றை நடத்தினார்கள். கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் லினக்சில் படம் வரையவும் எழுதவும் கற்றார்கள். அம்பேத்கர் பெயரைப் பலகையில் எழுதியதோடு நில்லாமல் பிள்ளைகளின் கையில் பெட்டியைக் கொடுத்ததுதான் அங்கே முக்கியம்.

இதழ் நடத்துகிற தோழர்களுக்கும் ஒரு சொல். தலித் இலக்கியம் பொங்கி வந்த 90-களில் நம் சாட்சியங்களைப் பேஜ்மேக்கரில்தான் அச்சுக் கோத்தோம். ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொது முறை வகுக்க முயன்றார்கள், 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பேஜ்மேக்கர் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. அந்தக் கோப்புகளை இன்றைக்குத் திறந்தால், திறந்தால் என்ன, திறக்கவே மாட்டேன் என்கிறது. திறந்தாலும் தமிழுக்குப் பதில் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிய இதழில் எழுதியவை காகிதத்தில் தங்கியதால்தான் 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க முடிந்தது. காகிதம் யாரிடமும் உரிமம் கேட்கவில்லை. வெண்மணியைப் பற்றி, மேலவளவைப் பற்றி நாம் எழுதியதை நம் பிள்ளைகள் படிக்க ஒரு கம்பெனி தயவு வேண்டுமா? எந்த மென்பொருளாலும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில், யூனிகோடில் சேமிப்பது நம் ஆவணக் கடமை. லினக்ஸ் பிடிக்காதவர்கள்கூட இதைச் செய்யலாம்.

காலமும் ஒரு வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு ஒரு பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். இவை இல்லாத, ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லாத பெட்டிகளை ஆபீஸ்கள் கழிக்கின்றன. அவை காயலான் கடைக்குப் போகும், அங்கே அவற்றை உடைத்து, எரித்து, செம்பு பிரிக்கிற வேலையும் கடைசியில் நம் ஜனங்களின் நுரையீரலுக்குத்தான் வரும். அதே பெட்டியில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருசம் ஓடும்.

ஆகவே சங்கங்கள், படிப்பகங்கள், மாலைப் பள்ளிகள் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்க வேண்டும். தானமாகத் தந்தால் கும்பிடு போட்டு போட்டோவுக்கு நிற்காமல், ரசீது கொடுத்து வாங்க வேண்டும். லினக்சை யாரோ வந்து போட்டுக் கொடுக்க வேண்டாம், நம் பெண்பிள்ளைகளும் பையன்களும் தங்கள் கையால் போடட்டும். கெட்டுப்போகும். திரும்பப் போடட்டும். மெனுவில் தமிழ் தப்பாக இருந்தால் திருத்தி அனுப்பட்டும். அதற்கான உரிமை அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ராயபுரத்திலோ எண்ணூரிலோ ஒரு பிள்ளை திருத்திய ஒரு வரி எங்கோ முகம் தெரியாதவர் திரையில் ஓடும்போது, அது யாரும் நமக்குக் கொடுத்த விலையில்லாப் பொருளாக இருக்காது. நாம் உலகத்துக்குக் கொடுத்ததாக இருக்கும்.