நானோ துகளும் நிரூபிக்கும் கடமையும்

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நுண்ணளவில் பொருளின் குணமே மாறுகிறது. தங்கம் சிவப்பாகத் தெரிகிறது. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் செல்களுக்குள் நுழைந்ததும் நானோ அளவுக் கொழுப்புத் துகள்கள் வழியாகத்தான். பெரும் கொடை இது.

ஆனால் இத்துகள்களின் தீங்கு உறுதியாகத் தெரியாதபோது நிரூபிக்கும் கடமை யாருடையது என்பதே இதில் எழும் அறக்கேள்வி. மிட்டாய்க்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடில் நானோ துகள்களும் கலந்திருக்கும். அது மரபணுவைச் சேதப்படுத்தும் வாய்ப்பை மறுக்க முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அறிவித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடை செய்தது. பிரிட்டன் தடை செய்யவில்லை. ஆய்வு முடிவுகள் ஐயத்தோடு நிற்கும்போது எஞ்சிய முடிவை அறமே எடுக்க வேண்டியிருக்கிறது.

வருங்காலத் தலைமுறையின் வாழ்வு பணயமாகும்போது நல்ல கணிப்பைவிடக் கெட்ட கணிப்புக்கே செவிசாய்க்க வேண்டும் என்றார் ஜெர்மன் மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ், 1979இல். இதை மருந்துக்கும் அப்படியே பொருத்தினால் நோயாளிகள் மடிவார்கள் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் நோயாளி அறிந்து சம்மதிக்கிறார், பலனும் அவருக்கே. மிட்டாய் தின்னும் குழந்தைக்குக் கிடைப்பது வெறும் வெண்மை. அங்கே நிரூபிக்க வேண்டியவர் விற்பவரே.