கறுப்புத் திரையைக் கண்டு ஏன் கை நடுங்குகிறது?

திருவண்ணாமலையில் தேரடித் தெருவிலோ வேங்கிக்காலிலோ செங்கம் ரோட்டிலோ பழைய மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். ‘இதெல்லாம் சென்னைப் பிள்ளைகளுக்குத்தான் வரும்’ என்ற பேச்சை முதலில் நிறுத்து! 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தார்கள்? படம் பார்த்தோம், பாட்டுக் கேட்டோம், பரணில் போட்டோம்.

லினக்ஸ் உள்ள கணினியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்து. படமும் சுட்டியும் மறைந்து கறுப்புத் திரை வரும். இதுதான் கன்சோல். எதுவும் கெட்டுப்போகவில்லை, பயப்படாதே. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய் ‘டிபுட் கலர்ஸ்’ கட்டளையைத் தட்டு. பெரும்பாலும் 8 என்று பதில் வரும். அதையே வழக்கமான திரையின் டெர்மினலில் தட்டினால் பெரும்பாலும் 256. உன் திரையோ 24 பிட் ஆழமுள்ளது என்றால் 1,67,77,216 நிறம் காட்ட வல்லது. அதனிடம் கன்சோல் கேட்பது அடிப்படை நிறம் 8, அவற்றின் பளிச்சென்ற சாயல் 8, ஆக 16!

இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு உண்டு. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ எழுத்துத் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் 2 பைட்தான். ஒன்று எழுத்தைச் சொல்லும், மற்றது நிறத்தைச் சொல்லும். எழுத்தின் நிறத்துக்கு 4 பிட். எழுத்து வடிவங்கள் 256 போதாது, 512 வேண்டும் என்றால் அந்த 4-ல் ஒன்றைப் பிடுங்கித் தர வேண்டும். எழுத்து கூடும், நிறம் பாதியாகும். இவ்வளவு நெருக்கடிக்குள் வேலை பார்த்தவர்கள் யாரும் ‘வசதி இல்லை’ என்று மூக்கைச் சிந்தவில்லை. இன்றைக்கும் அலங்காரத் திரை படுத்துவிட்டால் சர்வரைத் தூக்கி நிறுத்த இந்த 16 நிறம்தான் கை கொடுக்கிறது.

இனி ரோஷம் வரவேண்டிய இடத்துக்கு வருகிறேன். அந்தக் கன்சோலில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. நம் எழுத்து 247, ஆங்கிலத்தையும் குறிகளையும் சேர்த்தாலும் 512-க்குள் அடக்கலாம். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. ‘கொ’ என்பதை யுனிகோட் ககரமாகவும் உயிர்க்குறியாகவும் தருகிறது. அந்தக் குறியோ எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்று வேலை செய்கிற கன்சோலுக்கு இந்தச் சேர்க்கை புரியாது. ‘ண’ போன்ற அகல எழுத்துக்கு ஒரு கட்டம் பற்றவும் பற்றாது. கேஎம்எஸ்கான் போன்ற மாற்றுக் கன்சோல்கள் வந்திருக்கின்றன. அவற்றில் தமிழ் எங்கே பிசகுகிறது என்று உட்கார்ந்து பார்க்க, ‘கொ’வை எழுதப் பழகிய நீ இல்லாமல் யார் வருவார்கள்? லினக்ஸைத் தொடங்கிய பின்லாந்துக்காரரா?

ஆளுக்குத்தான் பஞ்சம் தம்பி! ஷிஃப்டோடு பேஜ்-அப் அழுத்தி, மேலே ஓடிப்போன வரிகளைப் பார்க்கும் வசதி லினக்ஸ் கன்சோலில் இருந்தது. 2020-ல் அதைக் கழற்றி எறிந்தார்கள். நிரலில் ஓட்டைகள் இருந்தன, பொறுப்பெடுத்துச் சரிசெய்ய ஆள் வரவில்லை. உலகமே ஓட்டுகிற மென்பொருளில் நாற்காலி காலியாகக் கிடந்தது. நீயோ ‘எனக்கு யார் வேலை கொடுப்பார்’ என்கிறாய்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையை 14 கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றுகிற ஊர்க்காரன் நீ. ‘கன்சோல் கோட்ஸ்’ கையேட்டுப் பக்கத்தைப் படித்து முடிக்கவா பொறுமை இல்லை? துணை வேண்டுமா, ரயிலேறினால் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் படிக்க வேண்டுமா, 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இருக்கிறது, காசும் கேட்காது.

இன்று இரவே கேஎம்எஸ்கானில் ‘கொ’ எங்கே உடைகிறது என்று பார். கண்டதை நாலு வரியில் வழு அறிக்கையாக எழுதி, அதை உருவாக்குபவர்களுக்கு அனுப்பு. ஆங்கிலம் தடுக்கினால் தடுக்கட்டும். வழு மறுபடி வருகிறதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள், நீ எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.