அவந்தி நாட்டுச் செருப்பு

மலைப்பாதையில் ஓட மெத்தென்ற ஷூ தேடுவது உடலுக்குச் செல்லம் கொடுப்பதா? துறவை முன்வைத்து எழும் இந்தக் கேள்வியை, பௌத்தத் துறவியரின் விதிநூலான விநய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதி எப்போதோ எதிர்கொண்டுவிட்டது. சோண கோளிவிசர் என்ற பிக்கு வெறுங்காலோடு நடந்து நடந்து தியானித்ததில் நடைபாதையே ரத்தமானது. புத்தர் அதைத் தவமென்று மெச்சவில்லை. ஒற்றை அடுக்குச் செருப்புக்கு அனுமதி தந்தார். தமக்கு மட்டும் சலுகை வேண்டாமென்று சோணர் சொல்லவே, அது சங்கம் முழுமைக்கும் பொதுவானது. பிறகு அவந்தி நாட்டுத் தரை கெட்டியானது, மாட்டுக் குளம்பு மிதித்துக் கரடுமுரடானது என்று அங்கிருந்த சீடர் மகாகச்சானர் சொல்லியனுப்ப, எல்லைப்புற நாடுகளில் பல அடுக்குச் செருப்பும் ஏற்கப்பட்டது. எத்தனை அடுக்கு என்பதை அங்கே நிலம்தான் தீர்மானித்தது.

வலிதானே சாதனை, ஜப்பானின் ஹியேய் மலையில் ஏழாண்டுகளில் 1000 நாள் நடக்கும் தெந்தாய் பௌத்தப் பிரிவின் துறவிகள் வைக்கோல் செருப்போடுதானே போகிறார்கள் என்பார்கள். போகிறார்கள்; ஆனால் முதல் 300 நாளுக்குப் பின் அவர்களுக்கும் காலுறை உண்டு. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பற்றாகிவிடும் என்ற ஆட்சேபம்தான் வலுவானது. நீலம், மஞ்சள், சிவப்புச் செருப்புகளை அதே மகாவக்கம் விலக்கியதும் இல்லறத்தாரின் போகம்போல் இருக்கிறதென்று மக்கள் முணுமுணுத்ததால்தான். ஆனால் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் விட்டு, சேற்றுக்கு ஆழமான பற்களும் ஈரப்பாறைக்கு ஒட்டும் ரப்பரும் பார்த்து வாங்குபவர் அந்த விலக்கை மீறவில்லை. இறுக்கமான ஷூவோடு இறங்கி நகம் கறுத்தவரின் மனம் வழி முழுக்க அந்த நகத்திலேயே கிடக்கும். அதுவும் உடலைப் பற்றிக்கொண்டிருப்பதுதான்.