இரவல் காரும் ஈடுசெய்யும் கடமையும்

இந்தியாவில் மோட்டார் காப்பீடு ஓட்டுபவரைச் சாராமல் வண்டியைச் சார்ந்தே வழங்கப்படுவதால், இரவல் வாங்கியவரின் கவனக்குறைவால் கார் சேதமடைந்தாலும், பழுதுச் செலவை உரிமையாளரின் பாலிசியிலிருந்தே கோர வேண்டியிருக்கிறது. அதன் பின்விளைவும், ஸ்டீயரிங்கைத் தொடாத அந்த உரிமையாளரின் தலையிலேயே விழுகிறது. பிழை ஒருவருடையதாக, சுமை மற்றொருவருடையதாக இருப்பது அறமாகுமா என்ற வினா இங்கே எழுகிறது.

அந்தச் சுமை 'நோ கிளைம் போனஸ்' வழியாக வருகிறது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக, வண்டியின் சொந்தச் சேதத்துக்குரிய பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக உயரும் தள்ளுபடியே அது. உச்சப் படியை எட்டியவரும், போனஸைக் காக்கும் தனிச் சேர்க்கையை வாங்கியிராவிட்டால், ஒரே கிளைமில் அதை முழுதும் இழந்துவிடுகிறார். அடிப்படைப் பிரீமியம் மாறாமல் 10,000 ரூபாய் என்று கொண்டால், 5,000 ரூபாய் செலுத்திவந்தவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 என்று செலுத்திய பிறகே பழைய நிலைக்குத் திரும்புகிறார். கூடுதலாகக் கட்டியது 12,500 ரூபாய். நசுங்கிய பம்பரை 'இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடும் நண்பருக்கு இத்தொகை தெரியவே வராது, ஏனெனில் ஒர்க்‌ஷாப் பில்லில் அது இடம்பெறுவதில்லை.

இந்த உயர்வைத் தண்டனை என்று கொள்வதற்கில்லை. விபத்தால் பாதிக்கப்படும் பிறருக்கான, அதாவது மூன்றாம் தரப்பினருக்கான, கட்டாயக் காப்பீட்டின் பிரீமியம் தனியார் கார்களுக்கு எஞ்சின் கொள்ளளவைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பது அக்கணக்கில் வருவதில்லை. பிறருக்கு விளையும் தீங்குக்கான கட்டணமே ஓட்டியவரின் பிழையைப் பொருட்படுத்தாதபோது, பம்பர் நசுங்கியதற்குக் கூடுகிற கட்டணத்தைக் கொண்டு குற்றத்தை அளக்க முடியாது.

பழைய சமயச் சட்டங்கள் சுமையை நேர் எதிர்ப்புறத்தில் வைத்தன. இரவல் வாங்கிய விலங்கு, உரிமையாளர் உடன் இல்லாதபோது காயமுற்றாலோ செத்தாலோ வாங்கியவரே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். வாடகைக்கு எடுத்தவரைவிட இவருக்குப் பொறுப்பு மிகுதி என்பதற்கு, எதுவும் கொடுக்காமல் பயன் முழுவதையும் இவரே அடைகிறார் என்று யூதச் சட்ட மரபின் தல்மூத் அறிஞர்கள் காரணம் கூறினர். வழக்கமான வேலையின்போதே விலங்கு மடிந்தால் மட்டும் விலக்களித்தனர். இஸ்லாமியச் சட்ட மரபில் ஹனஃபி மத்ஹபு என்னும் சட்டப்பிரிவு இரவல் பொருளை அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளாக, கருதி, அத்துமீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் ஈடு கேட்கிறது. கவனக்குறைவால் நேர்ந்த சேதம் என்றால், இவ்விரு மரபுகளிலும் கடன் இரவல் வாங்கியவருடையதே.

காப்பீடு அந்தக் கடனைத் தீர்த்துவிடுவதில்லை. ஒழுக்கத்தில் தற்செயலின் பங்கை ஆராய்ந்த பெர்னார்ட் வில்லியம்ஸ், 1976இல் வெளிவந்த கட்டுரையில், தம் பிழையின்றியே ஒரு குழந்தையின் மீது வண்டியை ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநரின் துயரம், அதைப் பார்த்து நின்றவரின் துயரத்திலிருந்து வேறானது என்றார். இழப்பை ஈடுசெய்ய முன்வருபவருக்குத் தம் செயலைப் பற்றிய அந்த வருத்தம் உண்மையில் உண்டா என்பதை அறிய, காப்பீட்டுப் பணமே போதும் என்று அவர் கருதுகிறாரா என்று பார்க்கலாம் என்றும் வில்லியம்ஸ் எழுதினார். இரவல் வாங்கியவர் இச்சோதனைக்குத் தம்மை உட்படுத்திக்கொள்வது நியாயம்; பழுது சிறிதாயின் கிளைம் செய்யாமல் தாமே செலவை ஏற்பதும், பெரிதாயின் பறிபோன போனஸைக் கேட்டறிந்து ஆண்டுதோறும் ஈடுசெய்வதும் அவர் கடமை. உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்த உரிமையாளரின் நிலை வேறு: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தடைசெய்வதால், விபத்துக்கு முன்பே அவர் தம் பங்குப் பிழையைச் செய்துவிட்டார்.