துயரின் மொழி



சாவு நிகழ்ந்த இல்லத்திற்குச் செல்லும் நாம் அங்குப் பேசும் மொழி எத்தகையது? “அழாதே, பிறந்தவர் இறப்பது உறுதி” என்பார் ஒருவர். “எல்லாம் முன்வினைப் பயன்” என்பார் மற்றொருவர். மகனைப் பறிகொடுத்த தாய்க்குப் பின்னது ஆறுதலன்று, தண்டனைத் தீர்ப்பு. முன்னது உண்மையேயாயினும், அழும் வாயைப் பொத்துதற்கு அவ்வுண்மையைப் பயன்படுத்துதல் தகாது.

கிசா கௌதமி கடுகு தேடிய வரலாற்றை அனைவரும் அறிவோம். அவ்வளவாகப் பேசப்படாத வேறொரு வரலாறு சம்யுத்த நிகாயத்தில் உளது. மகத நாட்டு நாலக கிராமத்தில் சாரிபுத்தர் நோயுற்றுப் பரிநிர்வாணம் எய்தினார். சுந்தன் என்னும் இளந்துறவி அவருடைய பாத்திரத்தையும் சீவரத்தையும் ஏந்திச் சிராவஸ்தியின் ஜேதவனத்தை அடைந்தார். செய்தி கேட்ட ஆனந்தர் பகவானிடம் சென்று, தம் உடல் சோர்ந்ததென்றும், திசைகள் புலப்படவில்லையென்றும், தம்மமும் தெளிவாகத் தோன்றவில்லையென்றும் முறையிட்டார்.

பகவான் வினையைப்பற்றி அவ்விடத்து ஒரு சொல்லும் உரைத்திலர். சாரிபுத்தர் சீலத்தையோ சமாதியையோ ஞானத்தையோ தம்முடன் கொண்டு சென்றனரா என்று வினவினார். இல்லையென்ற ஆனந்தர், அவர் சலியாது அறம் உரைத்தமையையும், உடனுறை துறவிகளுக்குத் துணை நின்றமையையும் எடுத்துக் கூறலானார். கேள்வி வாயைத் திறந்தது, முறையீடு போற்றுதலாயிற்று. அதன் பின்னரே, அன்புக்குரியவற்றினின்று பிரிதல் இயல்பென்பதைப் பகவான் நினைவூட்டினார்.

மொக்கல்லானரும் மறைந்தபின், கங்கைக்கரை உக்காசேலத்தில், அமைதியாக வீற்றிருந்த சங்கத்தை நோக்கி, இச்சபை தமக்கு வெறுமையாகத் தோன்றுகிறதென்றார் பகவான். துயரைக் கடந்தவர் அவர். எனினும் வெறுமையை மறைத்திலர்.

ஆலையில் நெடுங்காலம் தறியோட்டிய எனக்கு இச்சொல் எளிதில் விளங்கும். நூறு தறிகளின் பேரோசையில் ஒரு தறி நின்றால் மேற்பார்வையாளர் அறியார். பக்கத்துத் தறிக்காரன் உடனே அறிவான்.

நம் தாய்மார் ஒப்பாரியில் இறந்தவரை விளித்து, அவர் செய்தனவெல்லாம் சொல்லி அழுகின்றனர். அதனை அறியாமை என்று எள்ளற்க. ஆனந்தர் பேசியதும் அம்மொழியே.

ஆதலின், துக்க வீட்டிற்குச் செல்வோர் மூன்று செய்க. இறந்தவர் பெயரைச் சொல்லத் தயங்காதீர். அவர் எத்தகையவர் என்று கேட்டு, விடை முடியும்வரை செவிகொடுப்பீர். கூட்டம் கலைந்த பத்தாம் நாளும் சென்று, குடத்தில் நீருண்டா, குழந்தைகள் உண்டனரா என்று பார்ப்பீர். அநித்தியத்தை அவர்களுக்குக் காலம் உணர்த்தும். அன்பை நாமே உணர்த்தல் வேண்டும்.

எல்லா உயிர்களும் துயர் நீங்கி வாழ்க!