பழைய இரும்பும் மறக்கருணையும்

கொல்ப் ஆட்டத்தில் பந்தைப் புல்தரையிலிருந்து எழுப்பி அடிக்க உதவும் இரும்புத்தலைக் கோல்களில், அரை நூற்றாண்டுக்கு முந்தியவற்றையே விடாமல் வைத்து ஆடுவோர் இன்றும் உண்டு. புதியவை எளியவை என்று அறிந்திருந்தும் பழையதைக் கையிலெடுப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம், பழைய இரும்பு பிழையை மறைப்பதில்லை, அடித்தவனின் கையில் அதை அப்போதே உணர்த்திவிடுகிறது என்பதாகும். இவ்வாறு வருத்துவதால் ஒரு கருவி நன்மை செய்கிறது என்று கொள்ளலாமா என்பது, தண்டனை எந்நிலையில் அருளாகும் என்று சைவசித்தாந்தம் நெடுங்காலம் ஆராய்ந்த வினாவோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இலங்கையில் இவ்வாட்டம் 1879இல் தொடங்கிய கொழும்பு கொல்ப் கழகத்தோடு வேரூன்றியது. காலிமுகத்திடலில் முதலில் ஆடியவர்களின் காலத்தில் கோல்களுக்கு ஹிக்கரி என்னும் மரத்தின் தண்டே இருந்தது, உருக்குத் தண்டை ஸ்கொட்லாந்தின் விதியமைப்புக் கழகம் 1929இல்தான் ஏற்றது. தண்டு மாறிய பின்னரும் தலை நெடுங்காலம் மாறவில்லை. மென்னுருக்கை அடித்து வடித்த ஒல்லியான அந்தத் தலையை ஆட்டக்காரர் ‘பிளேட்’ என்பர். அதில் பந்து சரியாகப் பட வேண்டிய இடம் மிகச் சிறியது. அவ்விடத்தில் பட்டால் பட்டதே தெரியாத மென்மை. அரை அங்குலம் விலகி நுனிப்பக்கம் பட்டாலோ தலை முறுகி, அதிர்வு தண்டு வழியே ஏறி, விரல்கள் மரத்துப்போக, பந்தும் குறிக்கு முன்னரே விழுந்துவிடும். கடல்மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவின் குளிர்காலைகளில் இந்த அதிர்வு இன்னும் கடுமையாக உறைக்கும். பொறியியலாளரான கார்ஸ்டன் சோல்ஹைம், தலையின் நடுவிலிருந்த எடையை ஓரங்களுக்கு நகர்த்தி, பின்புறத்தைக் குழிவாக்கி, விலகிப் பட்டாலும் தலை எளிதில் முறுகாதபடி செய்தார்; அவருடைய பிங் நிறுவனம் 1982இல் வெளியிட்ட ‘ஐ 2’ என்னும் தொகுதி அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது.

சித்தாந்தம் இறைவனின் கருணையை இரண்டாகப் பகுக்கும்: இனியன தந்து ஆட்கொள்வது அறக்கருணை, துன்பம் தந்து திருத்துவது மறக்கருணை. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிள்ளை சொல்வழி வராதபோது பெற்றோர் வளாரால் அடிப்பதும் அன்பின் செயலே என்று காட்டி, தண்டனையையும் அருளின் கூறாக நிறுவுகிறார். உயிர் எதைச் சார்கிறதோ அதன் இயல்பைத் தானும் கொள்ளும் என்ற ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்னும் கொள்கையையும் இதனோடு சேர்த்தால், கண்டிப்பான கருவியைச் சார்ந்தவன் கண்டிப்பான கை பெறுவான் என்று பழைய இரும்பின் பக்கத்தார் வாதிட இடமுண்டு. 1950இல் அமெரிக்காவின் மெரியன் மைதானத்தில் அந்நாட்டு ஆட்டக்காரர் பென் ஹோகன் அடித்த புகழ்பெற்ற ஓர் அடிக்குரிய ஒன்றாம் எண் இரும்பின் முகத்தில், சரியாகப் படவேண்டிய இடத்தில் மட்டும் சில்லறைக் காசளவு தேய்வு இருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டக்கூடும். எனினும் அத்தேய்வு கை இரும்புக்குச் செய்தது. இரும்பு கைக்குச் செய்ததை அது காட்டவில்லை.

வாதத்தின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. சித்தாந்தத்தில் இரும்பு முதலான சடப்பொருள்கள் அசத்து, அதாவது தாமாக எதையும் அறியாதவை. உயிர் செய்த வினையாகிய கன்மமும் சடமே ஆதலால், அது தானாகச் சென்று செய்தவனைப் பற்றாது, அறிவுடைய இறைவனே அதன் பயனை உயிருக்குக் கூட்டுவான் என்று சித்தாந்திகள் மீமாஞ்சகரை மறுத்தனர். அடியின் பயனாகக் கையில் ஏறும் அதிர்வும் இத்தகையதே; பந்து நுனியில் பட்டதென்று அது சொல்லும், ஏன் பட்டதென்று சொல்லாது. காரணம் அறியாதவன் அடுத்த அடியில் வலிக்கு அஞ்சிப் பிடியை இறுக்குவான், இறுக்கத்தால் பிழை பெருகும்.

கொல்ப் மைதானம் இல்லாத, வட இலங்கை ஊரான கண்டாவளையின் வயல்களிலும் இதே உண்மையைக் காணலாம். மண்வெட்டியின் தகட்டுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள சாய்வு ஆளின் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால் நாரி பிடித்துக்கொள்ளும். புதிதாக வரம்பு கட்டுபவன் கை கொப்பளித்ததைக் கொண்டு எதையும் கற்றுக்கொள்வதில்லை, அருகில் நிற்கும் மூத்த கமக்காரர் பார்த்து, பிடியைக் கழற்றி ஆப்பு மாற்றி வைத்துத் தந்தபின்தான் நோவின் காரணம் அவனுக்கு விளங்குகிறது. மறக்கருணையில் வலி ஒரு பாதி மட்டுமே. மறுபாதி, வலி ஏன் தரப்படுகிறது என்றறிந்து தருபவனின் உள்ளம். அது இரும்பில் இல்லை.

பிழையை மறைக்கும் புதிய இரும்பைப் பொய் என்று ஒதுக்குவதற்கும் சித்தாந்தம் எளிதில் இடந்தராது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழில்களில் நான்காவதான மறைத்தல், அதாவது திரோதானம், உயிரின் உண்மைநிலையை அதற்குக் காட்டாமல் உலக நுகர்ச்சியில் ஈடுபடுத்தி, அதைப் பிணித்திருக்கும் மலம் பக்குவப்படும்வரை நடத்திச்செல்வது; அதுவும் அருளே என்பது அச்சமயத்தின் துணிவு. தொடக்கத்திலேயே தன் பிழை முழுவதையும் கண்டவன் ஆட்டத்தையே கைவிடுவான். அவனை ஆட்டத்தில் நிறுத்திவைக்கும் குழிவுத்தலை இரும்பு திரோதானத்தின் பணியைச் சிறிதளவு செய்கிறது எனலாம். (கருவிக்குக் கருணை இல்லை என்ற மேற்கண்ட தடை இதற்கும் பொருந்தும், மறைக்க எண்ணியவர் சோல்ஹைம், இரும்பன்று.)

புதிய இரும்பில் உண்மையாகவே ஐயத்துக்குரியது அதன் அடியில் பொறித்த எண். ஏழாம் எண் இரும்பின் முகச்சாய்வு, அதாவது ‘லொஃப்ட்’, 1970களில் ஏறத்தாழ 38 பாகை. இன்றைய தொகுதிகள் சிலவற்றில் அது 30 பாகைக்கும் கீழே. சாய்வு குறையக் குறையப் பந்து தாழ்ந்து நெடுந்தூரம் செல்லும் என்பதால், பழைய ஐந்தாம் எண்ணின் வேலையை ஏழு என்ற பெயரில் செய்பவன் தன் வலிமை கூடியதாக எண்ணிக்கொள்கிறான். எடைமையம் கீழிறங்கிய தலை பந்தை உயர்த்துவதால் சாய்வைக் குறைக்க வேண்டியதாயிற்று என்ற பொறியியல் நியாயம் மெய்யே. எண்ணையும் அதற்கேற்ப மாற்றாமல் விட்டதற்கு அந்நியாயம் போதாது. பிழையை மறைப்பது வேறு, இல்லாத ஆற்றலை உண்டென்று காட்டுவது வேறு. பின்னது உயிரின் அறிவை மூடும் ஆணவத்துக்கு நேரே தீனியிடுகிறது. இந்த ஓரிடத்தில் பழைய இரும்பின் பக்கத்தாரே சரி.

பழமையும் கண்டிப்பும் ஒன்றென அவர்கள் கொள்வது மட்டும் நிலைக்காது, ஏனெனில் மறைக்கும் வகையின் முன்னோடியான ‘ஐ 2’ இப்போது தானே நாற்பது ஆண்டுகள் கடந்த பழைய இரும்பு. பந்தைச் சுழற்றும் முகக்கோடுகளுக்கு 2010இல் கடுமையான வரையறை வந்தபோது, 1990 ஏப்ரல் 1க்கு முன் செய்த ‘ஐ 2’ இரும்புகள், பிங் நிறுவனத்துக்கும் அமெரிக்க கொல்ப் சங்கத்துக்கும் இடையே 1990இல் ஏற்பட்ட வழக்குத் தீர்வினால் விலக்குப் பெற்றிருந்தன. தொழில்முறை ஆட்டக்காரர் பில் மிக்கல்சன் உள்ளிட்ட சிலர் அவ்விலக்கைப் பயன்படுத்தி இருபதாண்டுப் பழமையான குட்டைக் கோலோடு களமிறங்க, அதை ஏமாற்று என்று சக ஆட்டக்காரர் ஒருவர் வெளிப்படையாகக் குறைகூறினார். மிக்கல்சன் விதியை மீறவில்லை; ஆனால் அங்கே பழையதைத் தேர்ந்தது அது கண்டிப்பானது என்பதற்காக அன்று, புதிய விதி பறித்த சலுகை அதில் எஞ்சியிருந்தது என்பதற்காகவே. அடுத்த சில வாரங்களுக்குள் பிங் நிறுவனம் தொழில்முறைப் போட்டிகளின் பொருட்டு அந்த விலக்குரிமையைத் தானே விட்டுக்கொடுத்தது.